ஒரு குறையும் இல்லை

போனில் பேசிய பெண்ணுக்கு நல்ல குரல். கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தி வரவேற்க வைக்கலாம். அந்தக் குரல், உங்கள் பகுதிக்கான சிகிச்சை மையத்தில் இடம் இல்லை என்றது.

"எந்த மையம்மா அது?"

"உங்க தெரு முனையில இருக்கிற கல்யாண மண்டபம்தான் மேடம். அறுபது பெட்டு. அறுபதும் ஃபுல்."

அக்கா அந்த மண்டபத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தாள். சாவிக்கொத்து இடுப்பில் கனத்தது. எதிரில் அறுபது இரும்புக் கட்டில்கள், விரிப்பு சுருங்காமல், தலையணை கோணாமல், வாத்தியார் வரப்போகிற வகுப்பு மாதிரி வரிசையாக இருந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை. மேடைக்குப் பக்கத்துக் கட்டிலில் மட்டும் ஒரு பூனை சுருண்டு கிடந்தது.

"நான் உள்ளேதாம்மா நிக்கிறேன். ஒரு பூனை படுத்திருக்கு. மத்தபடி காத்தாடுது."

"சிஸ்டத்துல ஃபுல்னு காட்டுது மேடம். அதுல இருக்கிறதைத்தான் நாங்க சொல்ல முடியும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு என்ன உதவி இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. போனை வைத்தாள். வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து இருமல் கேட்டது. அவள் புருஷனுடைய இருமல். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர். அவர் இருமினால் ஹாரன் அடித்தது போல் தெருவே ஒதுங்கும் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். இன்று காலையிலிருந்து அந்த இருமல் சுருங்கிவிட்டது. தொடங்கி, பாதியில் நின்று, மீதியை முடிக்க மூச்சு இல்லாமல் காத்திருந்தது.

மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவள் அவள். வேலைக்காரர்கள் அக்கா என்று கூப்பிடப் போய், கல்யாணம் பேச வருகிறவர்களும், மண்டபத்தின் சொந்தக்காரரும், கடைசியில் தபால்காரரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் தொழிலில் ஒரே ஒரு விதிதான். காலி நாற்காலி வீடியோவில் விழக்கூடாது.

கல்யாணத்துக்கு ஆள் குறைவது எல்லா வீட்டிலும் நடப்பது. மழை வரும். பங்காளிச் சண்டை வரும். மாப்பிள்ளை வீட்டார் ஏறிய பஸ் பாதி வழியில் படுத்துக்கொள்ளும். மேடைக்கு எதிரே முதல் மூன்று வரிசை பொக்கை வாயாக இளிக்கும். அப்போது அக்கா மேடைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறப்பாள். உள்ளே இஸ்திரி போட்ட சட்டைகளும் சேலைகளும் தொங்கும். நாற்காலி அடுக்குகிறவன், லைட் போடுகிறவன், பாத்திரம் கழுவுகிற பெண்கள், செருப்புக்குக் காவல் இருக்கிறவர் எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு, அவற்றை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். வீடியோகாரர் கேமராவை ஒரு சுற்று சுற்றுவார். இவர்கள் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ சொல்வார்கள், சிரிப்பார்கள், மேடையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்காரர் கும்பிட்டபடி வந்து எல்லாம் சௌகரியமா என்று கேட்டால், ஒரு குறையும் இல்லை என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. பேச்சு நீண்டால் நீங்கள் எந்த வழியில் சொந்தம் என்ற கேள்வி வந்துவிடும்.

நாற்காலி அடுக்குகிறவனுக்கு நாற்காலி என்றே பேராகிவிட்டது. முன்வரிசைக்கு அவனைப் போல ஆள் கிடையாது. "ஊர்ல பாதி வீட்டு ஆல்பத்துல நான் பெரியப்பா முறைக்கு உக்காந்திருக்கேன் அக்கா. சொத்துல பங்கு கேட்டா கேஸ் நிக்கும்" என்பான்.

புருஷன் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மண்டபத்துக்கு வருவார், பின்வாசலில் நின்று டீ குடிப்பார், போய்விடுவார். "வாடகைக்கு விடறதுக்கு நான் என்ன சமையல் அண்டாவா?"

பிறகு நோய் வந்தது. கல்யாணங்கள் நின்றன. ஒரு வாரத்தில் சரியாகும் என்றார்கள். ஒரு மாதம் என்றார்கள். பிறகு எதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். மண்டபத்தை நம்பியிருந்தவர்கள் சிதறிப்போனார்கள். லைட் போடுகிறவன் மாமியார் வீட்டுக்குப் போனான். மேடை அலங்காரம் செய்கிறவர் முகக்கவசம் தைத்து விற்றார், எல்லோரும் தைக்க ஆரம்பித்ததும் அதுவும் படுத்தது. வீடியோகாரர் கேமராவை விற்றுவிட்டு, விற்கவில்லை, நண்பனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலி ஓர் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து, பின்சீட்டைக் கழற்றிவிட்டு, தெருத்தெருவாக வெங்காயம் விற்றான். கத்திக் கத்தித் தொண்டை போனதும் ஒலிபெருக்கி ஒன்று வாங்கி மாட்டி, அதில் தன் குரலைப் பதிந்துகொண்டான். பட்டனை அமுக்கினால் போதும், அவன் குரல் அலுக்காமல் கூவும்.

மண்டபத்தை அரசு எடுத்துக்கொண்டது. மையம் திறந்தாயிற்று என்று மறுநாளே அறிவித்துவிட்டார்கள். கட்டில் வந்தது. மெத்தை வந்தது. கை கழுவும் இடத்தில், காலால் மிதித்தால் தண்ணீர் வரும் குழாய் வந்தது. வாசலில் ஒரு பெரிய பலகை வந்தது, அதில் சிரிக்கும் முகங்கள் இருந்தன. ஒரு நர்ஸ் வந்தாள். டாக்டர் வரவில்லை. ஆக்சிஜன் வரவில்லை. அதற்கான செம்புக் குழாயை மட்டும் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனார்கள். அது கட்டில்களைக் கடந்து, மேடையைக் கடந்து, பின்வாசல் வரை போய், எதிலும் சேராமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அக்கா அதன் வாயில் துணி அடைத்தாள், பல்லி போகாமல் இருக்க. நர்ஸ் காலையில் வருவாள், கட்டில்களைத் துடைப்பாள், போனில் தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள், சாயங்காலம் போவாள்.

சுகாதார அதிகாரி சின்ன வயசுக்காரர். முகக்கவசத்தின் தழும்பு மூக்கில் நிரந்தரமாகப் பதிந்திருந்தது. ஒருநாள் வந்து, கட்டில் ஒன்றில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மனமில்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அடுத்த வாரம் மேலிடத்துலருந்து பார்க்க வர்றாங்க. காலியா இருந்தா மூடிடுவாங்க. ஆள் இருந்தாதான் ஆக்சிஜன் லாரி வரும்."

"ஆக்சிஜன் இல்லாம ஆளை எப்படி சார் சேர்ப்பீங்க?"

"அதையேதான் நான் கேட்டேன். ஆளே இல்லாத இடத்துக்கு எதுக்கு ஆக்சிஜன்னு திருப்பிக் கேக்கறாங்க." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "முன்னாடி ஒரு பத்து பெட்டுல மட்டும் ஆள் படுத்தா போதும். ஒரு மணி நேரம். லாரி உள்ள வந்துட்டா நிஜ ஆளைச் சேர்த்துக்கலாம். முதல் பெட்டு உங்க வீட்டுக்குன்னு வெச்சுக்கங்க."

அங்கேதான் அக்கா தப்பு செய்தாள். பத்து என்றால் பத்தோடு விட்டிருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. மண்டபத்தின் நடுவில் நின்று, கேமரா திரும்பும் திசையெல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பத்து பேர் படுத்தா மீதி அம்பதும் பல்லிளிக்கும் சார். வீடியோவுல பின்னாடி இருக்கிறதுதான் முதல்ல தெரியும். நான் நிரப்பித் தர்றேன்."

நிரப்பினாள். அவள் கூப்பிட்டதும் ஆட்கள் வந்தார்கள், தம்பியைக் கூட்டிக்கொண்டு, மச்சானைக் கூட்டிக்கொண்டு. மாதக்கணக்கில் வேலை என்று யாரும் அவர்களைக் கூப்பிட்டிருக்கவில்லை. அலமாரியிலிருந்த சட்டைகள் போதவில்லை. வயசானவர்களை வாசல் பக்கம் படுக்க வைத்தாள், பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வர. ஒருவரைப் பேப்பர் படிக்கச் சொன்னாள். இன்னொருவரைச் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கச் சொன்னாள். எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தால் செட்டப் என்று தெரிந்துவிடும். முகம் தெரிந்தால்தான் குணமாகிற களை தெரியும் என்று முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னதும் அவள்தான். மேலிடத்தில் யாராவது சிஸ்டத்தில் தட்டிப் பார்ப்பார்கள் என்று அதிகாரி பயந்ததால், நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பேர் கேட்டு, கட்டைவிரலைக் கருவியில் வைத்து, சேர்ந்த ஆளாகச் சிஸ்டத்தில் ஏற்றினாள். அறுபது விரல்.

புருஷனையும் கூப்பிட்டாள். ஒரு கட்டிலுக்கு ஆள் குறைந்தது. "ஒரு மணி நேரம்தாங்க. சும்மா படுத்து எந்திரிச்சா போதும்."

"இல்லாத சீக்குக்குப் படுத்தா இருக்கிற சீக்கு தேடிக்கிட்டு வரும்" என்றார் அவர். அந்தக் கட்டிலில் மண்டபத்து வாட்ச்மேனைப் படுக்க வைத்தாள்.

மேலிடத்திலிருந்து வந்தது ஓர் அம்மா. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பில், கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும் தெரிந்தது. கூட வந்த கூட்டத்தில் சிலர் உடுப்பு போட்டிருந்தார்கள், சிலர் கைக்குட்டை கட்டியிருந்தார்கள், ஒருவர் இருமிக்கொண்டே போட்டோ எடுத்தார். அந்த அம்மா கட்டில் கட்டிலாக நின்றது. உட்கார்ந்து பேசியது. போலியாகப் பேசவில்லை. நாற்காலியிடம் வந்து, "சாப்பாடு, மருந்து எல்லாம் சரியா கிடைக்குதா? என்ன குறையிருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க" என்றது.

நாற்காலி எழுந்து உட்கார்ந்து கும்பிட்டான். "ஒரு குறையும் இல்லம்மா."

அடுத்த கட்டில். ஒரு குறையும் இல்லைங்க. அதற்கடுத்த கட்டில். ஒரு குறையும் இல்லை. தூங்கச் சொன்ன ஆள்கூடக் கண் விழித்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினான். எத்தனையோ கல்யாணத்தில் அவள் ஊட்டி வளர்த்த வாக்கியம். மேடைப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த அக்கா ஒரு படி கீழே இறங்கினாள். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பி வாங்க வழியில்லை.

அதிகாரி முன்னால் வந்தார். "மேடம், ஆக்சிஜன் லாரி ஒண்ணு இங்க..."

"அறுபது பேரும் எவ்வளவு தெளிவா இருக்காங்க பாருங்க" என்றது அந்த அம்மா. கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. "நான் போன இடத்துல இப்படி ஒரு மையம் பார்க்கல. குறையே இல்லாத இடத்துக்கு லாரி எதுக்கு? ஒண்ணுமே இல்லாத ஊருக்கு அதைத் திருப்புங்க."

நியாயமான பேச்சு. அதுதான் அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அவர்கள் போனபின் எல்லோரும் சட்டைகளைக் கழற்றி மாட்டினார்கள். ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம். அன்று மண்டபத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாற்காலி அந்த அம்மா மாதிரியே நடந்து காட்டினான். அதிகாரி மட்டும் செம்புக் குழாயின் துணி அடைத்த வாய்க்கு எதிரே நின்று, யாருக்கோ போன் செய்துகொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு நிஜ ஆட்கள் வந்தார்கள். பலகையைப் பார்த்து வந்தார்கள். ஒருத்தி தன் அம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். நர்ஸ் கருவியைப் பார்த்து, ஃபுல்லும்மா என்றாள். அந்தப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காலிக் கட்டில்கள் வெயிலில் பளபளத்தன. யாரோ பெரியவர்களுக்காக வைத்திருக்கிறார்கள் என்று தானே ஒரு பதிலைச் செய்துகொண்ட முகத்துடன் வண்டியைத் திருப்பினாள். அன்று சாயங்காலம் அக்கா ஜன்னலுக்கெல்லாம் மேடைத் திரையைக் கிழித்துக் கட்டினாள். மறைத்தது வெளியே இருப்பவர்களிடமிருந்தா, உள்ளே இருக்கும் தன்னிடமிருந்தா என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்று காலை புருஷன் குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். விரலில் மாட்டும் கருவியை மாட்டினால் ஆக்சிஜன் எண் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. ஆம்புலன்ஸுக்கு வரிசை. நாற்காலி வெங்காய மூட்டைகளை ஒதுக்கி, நடுவில் ஒரு தலையணை போட்டு அவரை உட்கார வைத்தான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் பையன் கண்ணைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான். "உங்க ஏரியா மையத்துல சேர்ந்து, அங்கேருந்து அனுப்பினாதான் இங்க எடுக்க முடியும். நேரா வர்றவங்களை எடுக்கிறதில்லம்மா. எடுத்தா கேட் உடைஞ்சிடும்." அவனுக்குப் பின்னால் கேட் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

அதனால்தான் இங்கே. அதனால்தான் அந்த நல்ல குரல்.

வெளியே வந்தாள். புருஷன் இரண்டு மூட்டைக்கு நடுவில் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். நெற்றியில் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. அதை எடுத்தாள்.

"என்னவாம்?"

"இடம் இல்லையாம்."

அவர் மண்டபத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு வரவில்லை. "நல்லா... நிரப்பியிருக்க."

நாற்காலி தலையைச் சொறிந்தான். "அக்கா, என் பேர்லயே மாமாவைப் படுக்க வெச்சுடலாமே. எனக்கு எதுக்கு பெட்டு?"

"பெரிய ஆஸ்பத்திரியில கட்டைவிரல் வெச்சுப் பார்ப்பாங்கடா."

"அதைக் கழட்டியா குடுக்க முடியும்" என்றான், தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

அதிகாரி மூன்றாவது முறைதான் போனை எடுத்தார். அவர் பொறுப்பில் இப்போது வேறு நான்கு மையங்கள், ஒரு சுடுகாடு.

"சார், ஒரே ஒரு பெட்டைக் காலின்னு போடுங்க. ஒண்ணு போதும்."

"நான் போட முடியாதுக்கா. சேர்த்த ஆளை வெளிய அனுப்ப ரெண்டே வழிதான் இருக்கு. டெஸ்ட் பண்ணி நெகட்டிவ் வரணும். இல்லன்னா செத்துப்போகணும். மூணாவதா ஒரு வழி சிஸ்டத்துல வெக்கவே இல்ல."

"சும்மா நெகட்டிவ்னு போட்டுடுங்க."

"டெஸ்ட் பண்ற குச்சியில இருக்கிற எண்ணை அடிச்சாதான் ஏத்துக்கும். குச்சி கேட்டு எழுதினேன். புது ஆள் சேருற மையத்துக்குத்தான் குச்சியாம். நம்மது ஃபுல்லாச்சே, புது ஆள் எங்க வரப்போறாங்கன்னு..." அவர் குரல் தேய்ந்தது. இந்த வாக்கியத்தைப் பலரிடம் சொல்லி அலுத்த குரல். "நர்ஸ்கிட்ட பழைய பெட்டி ஒண்ணு இருக்கும். அஞ்சு குச்சி. அன்னைக்குப் படுத்தவங்கள்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க. ஒருத்தருக்கு நெகட்டிவ் வந்தா ஒரு பெட்டு காலி. அந்த நிமிஷமே அண்ணன் பேரை ஏத்தி நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன்."

"படுத்தவங்களே வந்து எந்திரிக்கணும்."

"ஆமாக்கா."

அக்கா போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஆள் குறைகிற கல்யாணத்தில் கூப்பிடுகிற அதே வேகத்தில். லைட் போடுகிறவன் போன் அணைந்து கிடந்தது. மேடை அலங்காரக்காரர் எடுத்து, அக்கா எனக்கே ரெண்டு நாளாக் காய்ச்சல் என்றார். பேண்டு வாசிக்கிறவரின் மனைவி எடுத்தாள், அவர் இருக்காராம்மா என்று கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். அக்கா அந்த எண்ணை இன்னொரு முறை கூப்பிடவில்லை. அன்று எல்லோரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், முகத்தைத் திறந்துகொண்டு படுத்திருந்தது கண்முன் வந்தது. அந்த இருமுகிற போட்டோக்காரர் நினைவுக்கு வந்தார். தானும் அங்கேதான் நின்றோம், அங்கிருந்துதான் வீட்டுக்குப் போனோம் என்பதும் வந்தது. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்று அடுத்த எண்ணை அழுத்தினாள்.

வீடியோகாரர் வந்தார். பாத்திரம் கழுவுகிற அம்மா வந்தாள், வரும்போதே என்ன சேலை கட்டணும் என்று கேட்டுக்கொண்டு. வாட்ச்மேன் வந்தார். அவருடைய மச்சான் வந்தான். நாற்காலி ஏற்கெனவே இருந்தான். ஐந்து பேர். ஐந்து குச்சி.

"பெட்டுல படுக்கணுமா, இப்படியே நின்னா போதுமா?" என்றாள் பாத்திர அம்மா.

"மூக்கை மட்டும் காட்டுங்க" என்றாள் நர்ஸ்.

நாற்காலி ஆட்டோவின் கைப்பிடியில் தொங்கிய ஒலிபெருக்கிப் பட்டனை இழுத்து, புருஷனின் கைக்கு எட்டுகிற மாதிரி மூட்டைமேல் வைத்தான். "மாமா, நீங்க கத்த வேணாம். மூச்சு ரொம்ப முட்டுச்சுன்னா இதை ஒரு அமுக்கு அமுக்குங்க. ஓடி வந்துருவோம்."

"வெங்காயம்... வித்துடப் போறேன்" என்றார் அவர்.

"வித்தா பாதி உங்களுக்கு."

வரவேற்பு மேசை வாசலுக்குள்ளேயே இருந்தது. முன்பு அதில் பன்னீரும் பூவும் வைப்பார்கள். நர்ஸ் அதைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, ஐந்து பேரின் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, மருந்துத் தண்ணீரில் கலக்கி, ஐந்து வெள்ளைச் சோதனைக் கட்டைகளிலும் சொட்டு விட்டாள். ஒரு கோடு என்றால் நோய் இல்லை. இரண்டு கோடு என்றால் இருக்கிறது. தள்ளி நில்லுங்க, மூச்சு விடாதீங்க என்றாள். ஐந்து பேரும் முன்வரிசையில் உட்காருவது போலவே தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். பழக்கம்.

அக்கா மேசைமேல் குனிந்தாள். ஈரம் மெல்ல ஏறியது. வாழ்நாளெல்லாம் காலியைக் கண்டால் அவளுக்கு ஆகாது. இப்போது அந்தக் கட்டைகளின் ஐந்து சின்ன ஜன்னல்களிலும் ஓர் இடம் காலியாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேனின் மச்சானுக்கு முதலில் வந்தது. இரண்டு கோடு. யோசிக்கவே இல்லை, அழுத்தமாக, பேனாவால் போட்டதுபோல. அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். மற்ற நாலு பேரும் அவனிடமிருந்து ஓரடி நகர்ந்தார்கள். பிறகு வீடியோகாரருக்கு. இரண்டு. அவர் அதைக் கேமராவில் பார்ப்பவர்போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தூசு ஏதாவது இருக்குமோ" என்றார்.

நாற்காலிக்கு இரண்டாவது கோடு மங்கலாகத் தொடங்கி, தயங்கி, பிறகு வந்துவிட்டது. அவன் சிரித்தான். "அக்கா, இப்பதான் நெசமாவே ஃபுல் ஆகுது." சொல்லிவிட்டு ஆட்டோ பக்கம் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து அவரைத் தாங்கிப் பிடித்த கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வாட்ச்மேனின் கட்டை ஒன்றுமே காட்டவில்லை. ஒரு கோடுகூட இல்லை. "இது செல்லாது" என்றாள் நர்ஸ். "குச்சி பழசு."

"செல்லாதுன்னா நோய் இல்லன்னுதானே அர்த்தம்?"

"செல்லாதுன்னா செல்லாதுக்கா."

மிச்சம் பாத்திர அம்மாவுடையது. முதல் கோடு வந்து நின்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளை. அக்கா கண் இமைக்கவில்லை. நர்ஸ் போனை எடுத்து அதிகாரியின் எண்ணைத் திரையில் தயாராக வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் பொறுக்கணும் என்று மெதுவாகச் சொன்னாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அந்த வெள்ளையில் ஏதோ ஒரு நிழல் இருப்பது போலவும் இருந்தது, ஜன்னல் திரை ஆடியதால் விழுந்த நிழல் போலவும் இருந்தது. பாத்திர அம்மா அதைப் பார்க்கவில்லை. கைகளைப் பிசைந்துகொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள், ஏதோ பாத்திரத்தை உடைத்துவிட்டவள் போல.

அப்போது வாசலில் ஒலிபெருக்கி கரகரத்தது. நாற்காலியின் குரல், பல மாதங்களுக்கு முந்தைய, தெம்பான, சளி கட்டாத குரல், பெரிதாகக் கூவத் தொடங்கியது. வாங்கம்மா வாங்க, அக்கா வாங்க, அழுகல் இல்லாத வெங்காயம், அள்ளிப் போட்டு வாங்க. நாற்காலி ஓடினான். நடுவழியில், தன் கைகளைப் பார்த்து நின்றுவிட்டான். அக்கா நிமிர்ந்தாள். ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. நர்ஸ், ஒரு நிமிஷம்க்கா, ஒரே நிமிஷம் என்றாள்.

பட்டனை அமுக்கிய புருஷனின் விரல் எடுக்கப்படவில்லை. கூவல் மண்டபத்துக்குள் வந்து, மேடையில் மோதி, அறுபது கட்டில்களின் மேலும் திரும்பி வந்துகொண்டிருந்தது. பூனை எழுந்து, முதுகை வளைத்து நெளித்து, பக்கத்துக் கட்டிலுக்குத் தாவி, அங்கே படுத்துக்கொண்டது.